பருப்புக்கடையில் ஒரு டச்சு ஜோடி

1

இந்த மாதத்தோடு நான் ரங்கூன் வந்து ஏழு வருடம் ஆகிறது. யாங்கோன் என்று எழுதினால் நாகப்பட்டினத்தில் பாதிப் பேருக்குப் புரியாது என்பதால் முதல் வரியில் மட்டும் பழைய பெயர்.

ஏழு வருடம் ஆனதை நினைவுபடுத்தியது குடிவரவு அலுவலகம். நான் இங்கே பிறந்த தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த இந்தியப் பிரஜை. தங்கும் அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் புகைப்படத்தைத் திருப்பித் தள்ளினார். காதுக்குப் பின்னால் நிழல் விழுந்திருக்கிறதாம். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. சரி என்று பர்மியத்தில் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று சொன்னவரே சிரித்துவிட்டார்.

பர்மியத்தில் மரியாதைக்கு வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் 'கம்யா' என்பார்கள், பெண்கள் 'ஷின்' என்பார்கள். நான் பர்மியம் கற்றது என் கணவர் செல்வத்திடம். அவர் பேசுவதைக் கேட்டு அப்படியே பேசி, முதல் ஒரு வருடம் ஆண்பிள்ளை மாதிரி 'கம்யா, கம்யா' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போதும் பதற்றம் வந்தால் அதுதான் வாயில் வரும். பக்கத்தில் நின்ற என் மகள் நிலா, "அம்மா, ஷின்!" என்று என் கையைக் கிள்ளினாள். ஆறு வயது. பள்ளியில் அவளுக்கு லமின் என்று பெயர். பர்மியத்தில் அதற்கும் நிலா என்றுதான் அர்த்தம்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். காதுக்குப் பின்னால் நிழல் விழாமல் விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் நிழல் விழுந்த படத்தோடு வரிசையில் நின்றேன்.

வேறு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, விண்ணப்பத்தைப் புதிதாக நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் இத்தனை வருடமும் 'இல்லத்தரசி' என்று எழுதி வந்தேன். இந்த முறை 'ஓவியர்' என்று எழுதினேன். எழுதிய உடனே பயம் பிடித்துக்கொண்டது. என் அனுமதி வேலை பார்ப்பதற்கானது இல்லையே, இதனால் செல்வத்துக்கு ஏதாவது கேள்வி வருமோ? வேறு தாள் கேட்டு வாங்கி, பழையபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் ஒரு நிமிடம் அந்தச் சொல்லை எழுதினேன். எழுத எங்கிருந்து துணிச்சல் வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

எங்கள் வீடு தின்கன்ஜூனில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. காலையில் நிலாவுக்குப் பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, கன்னத்தில் தனாக்கா. தனாக்கா என்பது மரப்பட்டையைக் கல்லில் அரைத்து இங்கே பெண்களும் குழந்தைகளும் பூசிக்கொள்ளும் வெளிர் மஞ்சள் குழம்பு. பூசாமல் அனுப்பினால், "லமினுக்குக் காய்ச்சலா?" என்று ஆசிரியை கேட்பார். மின்சாரத்தை இங்குள்ள தமிழர்கள் 'மீ' என்பார்கள். மீ இருக்கும் நேரத்தில் தண்ணீர் ஏற்ற வேண்டும், மாவரைக்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும். மீ போன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் குழந்தைகளுக்கு வரையச் சொல்லித் தருவதால் தெருவில் எனக்குப் பெயர் சயாமா, அதாவது டீச்சர்.

துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்குக் காகிதங்கள் தயார் செய்து கொடுப்பது செல்வத்தின் வேலை. அவருக்கு அதிக வேலை தருவது நகரின் கடைப்பகுதியான பபேடானில் இருக்கும் ஒரு மொத்தப் பருப்புக்கடை. கடைக்காரர் மாரியப்பன், அரசாங்கக் காகிதத்தில் பர்மியப் பெயராக ஊ டின் மவுங். மனைவி தனபாக்கியம், காகிதத்தில் டோ கின் சான். நாங்கள் மாரியண்ணன், தனம் அக்கா என்போம்.

மாரியண்ணன் உயரம், வெள்ளைச் சட்டை, எந்நேரமும் காதில் போன். கடைக்கு வருகிறவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள். தனம் அக்கா பின்னால் குடோனில் இருப்பார். கூரான இரும்புக் குழலை மூட்டைக்குள் குத்தி, வழிந்து வரும் உளுந்தை உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். ஒருமுறை ஊதுவார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். "ஈரம்" என்றால் ஈரம்தான். லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். மாரியண்ணன் போனில் எவ்வளவு நேரம் பேசினாலும், முடிவு அந்தப் பல்லில் இருந்தது.

கடை தொடங்கி நாற்பது வருடம் ஆவதை ஒட்டி மாரியண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வம் சொன்னாரு, நீங்க ஆளை உக்கார வச்சு வரைவீங்களாமே சயாமா. போட்டோ எவன் வேணாலும் எடுப்பான். நமக்குப் பெயிண்டிங் வேணும். எண்ணெய்ப் பெயிண்டு. நூறு வருஷம் நிக்கணும்."

"அக்காவையும் சேத்து வரையலாம் அண்ணே."

தனம் அக்கா குடோன் வாசலிலிருந்தே பதில் சொன்னார். "என்னைய எதுக்கு? கடைக்கு மூஞ்சி அவருதான். நான் உக்காந்தா மூட்டையெல்லாம் யாரு பாக்குறது, நீங்க பாப்பீங்களா?"

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு வராது. பிறகு அதை நினைத்து வருந்துவது மட்டும் நன்றாக வரும்.

3

ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் ஆளுக்கொரு தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும். டச்சு ஓவியம் என்றால் எல்லாரும் அவர்களுடைய பெருங்காலத்தைத்தான் எடுப்பார்கள். கப்பல்கள் உலகத்தைச் சுற்றிய காலம், வெல்வெட்டும் முத்தும் வெள்ளித் தட்டும். நான் அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் பிந்திய படங்களை எடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கலைந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஆண்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடல் வியாபாரம் சுருங்கிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் தானியம், துணி, தேயிலை, பாலாடைக்கட்டி விற்கும் நடுத்தர வியாபாரிகள். அவர்கள் உள்ளூர் ஓவியர்களைக் கூப்பிட்டுத் தங்களை வரையச் சொன்னார்கள்.

அந்தப் படங்களில் பின்னணியில் தூணோ திரையோ பெரும்பாலும் கிடையாது. கரும்பழுப்பில் ஒரு வெற்றிடம். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் பிரித்த கடிதம். மனைவிக்கு வெள்ளை லேஸ் தொப்பி, தோளில் சால்வை. மூக்குச் சிவந்திருந்தால் சிவந்த மூக்கு, கன்னத்தில் மரு இருந்தால் மரு. பணத்தைக் காட்ட வேண்டுமானால் நகையால் காட்டமாட்டார்கள். கோட்டுத் துணியின் கறுப்பு எவ்வளவு ஆழமான கறுப்பு என்பதால் காட்டுவார்கள். "செத்த படங்கள். இதில் என்னம்மா இருக்கிறது?" என்றார் என் வழிகாட்டி. என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரை டச்சுக்காரர்கள் ஆண்டிருக்கிறார்கள், அதனால் பிடித்தது என்று ஏதோ எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

பபேடானுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கேயும் தமிழர்களுக்கு ஒரு பெருங்காலம் இருந்தது. அது முடிந்தது. கடைகள் அரசுடைமையாயின. கப்பல் கப்பலாக ஆட்கள் ஊர் திரும்பினார்கள். ஒரு சிலர் திரும்பவில்லை. மாரியண்ணனும் தனம் அக்காவும் அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். இளம் ஜோடியாக, ஒரு தராசும் நாலு மூட்டையுமாக ஆரம்பித்து, தினமும் காலையில் ஷட்டரைத் தூக்குகிறார்கள். அந்த டச்சு முகங்களில் இருந்தது இதுதான். பெரிய காலம் போன பிறகும் கடை திறந்தவர்களின் முகம். அந்த முகத்துக்கு அலங்காரம் வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதில் உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வந்தது.

மாரியண்ணனை அந்த முறையிலேயே வரைந்தேன். கரும்பழுப்புப் பின்னணி, கறுப்புக் கோட்டு, மடியில் கோத்த கைகள். முகம் பார்க்கிறவருக்கு வலப்பக்கமாகப் பாதி திரும்பியிருக்கும். கன்னத்து மருவை விடவில்லை. மழைக்காலத்தில் எண்ணெய்ப் பெயிண்ட் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்ல தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாரியண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா மாதிரியே இருக்கேன்" என்றார். அதைவிட என்ன வேண்டும்? கடையின் பக்கச் சுவரில் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். மறுநாள் மாண்டலேக்கு உளுந்து வாங்கப் போய்விட்டார்.

4

அதற்கு அடுத்த நாள் நடந்ததைச் செல்வம் நேரில் பார்த்தார். கையெழுத்துக்காகக் காகிதங்களோடு கடையில் நின்றிருந்தார்.

மழை சாய்வாக அடித்தது. சாரல் மூட்டைகளில் படாமல் இருக்கத் தனம் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மீ இல்லை. உள்ளே அரை இருட்டு. அண்ணன் உட்காரும் நாற்காலி காலி. சுவரில் கறுப்புக் கோட்டோடு அண்ணன் மட்டும்.

பெகுவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் முத்தையா என்ற வியாபாரி வந்திருக்கிறார். பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்தார். குனிந்து உள்ளே எட்டிப் படத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். பத்து நிமிடத்தில், கோயில் வாசலில் வாங்கிய ரோஜா மாலையோடு தொப்பலாக நனைந்து வந்து நின்றார். குடோனிலிருந்து தனம் அக்கா வெளியே வந்தார். தலையெல்லாம் பருப்புத் தூசி, நெற்றியில் பொட்டுகூடத் தெரியவில்லை.

"தங்கச்சி..." என்றார்.

"வாங்கண்ணே. ஏன் இப்புடி நனைஞ்சுக்கிட்டு? குடை இல்லையா?"

"எப்பம்மா ஆச்சு?"

"எது?"

"எனக்கு ஒரு போன் போடக் கூடாதா? போன வாரங்கூடப் பேசினாரே!"

"காலையிலகூட என்கிட்டப் பேசினாரு. அதுக்கு என்ன இப்ப?"

முத்தையா வாய்விட்டு அழுதுவிட்டாராம். புருஷன் போன அதிர்ச்சியில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். செல்வம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்டூலில் ஏறி, மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டார்.

நம்மவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு மனுஷன் தனியாகச் சட்டத்துக்குள் நின்று உற்றுப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உயிரோடு இருக்கிறவன் கல்யாணப் படத்தில் இருப்பான், குடும்பப் படத்தில் இருப்பான். தனியாக மாட்டுவது போனவரைத்தான்.

அதற்குள் எதிர்க்கடைப் பையன்கள் மாலை போட்ட படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். தனம் அக்காவின் போன் அடித்தது. மாண்டலேயிலிருந்து அண்ணன். கடை முழுக்கக் கேட்கும் குரல்.

"தனம், நான் செத்துட்டேனாமே! இங்க நாலு பேரு சொல்லிட்டான். இப்பத்தான் விலை பேசிக்கிட்டிருக்கேன், செத்தவனுக்கு எவன் சரக்குக் குடுப்பான்? நாளைக்குச் சாயந்தரம் வரைக்குமாவது என்னைய உயிரோட வச்சிரு!"

செல்வம் இதைச் சொல்லும்போது சிரித்தார். தனம் அக்கா சிரிக்கவில்லை.

5

அன்று மாலையே படம் ஒரு டாக்சியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. புதுச் சாக்கில் சுற்றி, வாயைக் கோணூசியால் தைத்திருந்தார்கள். செல்வத்திடம் அக்கா சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "நல்ல படந்தான். எங்களுக்கு ஆகாது. தாலி கட்டிக்கிட்டவ முன்னாடி மாலை விழுந்துருச்சு."

அதை எப்படிச் சொன்னார் என்று செல்வத்திடம் பலமுறை கேட்டேன். கோபமாகவா? அழுதாரா? "பயந்த மாதிரி சொன்னாங்க" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாக்கைப் பிரிக்காமல் சுவரில் சாய்த்து வைத்தேன். என் கைவேலை இந்த ஊரில் முதல்முதலாக ஏறிய சுவர் அது. இரண்டு நாள்தான் இருந்தது. இனி அந்தக் கடையில் செல்வம் எந்த முகத்தோடு போய் நிற்பார்? நான் படம் வரையாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எல்லாவற்றையும்விட உறுத்தியது இன்னொன்று. இது எனக்குத் தெரியாத விஷயமா? அப்பாவின் ஸ்டூடியோவுக்கு வரும் வேலையில் பாதி அதுதானே. ஒருவர் போனதும் குடும்ப போட்டோவைக் கொண்டுவருவார்கள். கூட்டத்திலிருந்து அவரை மட்டும் பிரித்து எடுத்து, பெரிதாக்கி, பின்னணியை ஒரே நிறமாக்கி, கண் மூடியிருந்தால் தூரிகையால் திறந்து கொடுப்பார் அப்பா. பள்ளி விட்டு வந்து அந்தப் படங்களின் நடுவில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். நான் மாரியண்ணனுக்குச் செய்தது அச்சாக அதே வேலை. கூட்டத்திலிருந்து பிரித்தேன். பின்னணியை ஒரே நிறமாக்கினேன். படித்த படிப்பு வீட்டில் தெரிந்ததை மறைத்துவிட்டது.

நிலாதான் சாக்கைப் பிரித்தாள். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் தையலை உருவிவிட்டு, படத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பர்மியத்தில் ஏதோ கேட்டாள்.

"தமிழ்ல கேளு" என்றேன். ஒரு நாளில் நான் அதிகமாகச் சொல்லும் இரண்டு வார்த்தைகள் இவைதான்.

யோசித்து யோசித்துக் கேட்டாள். "இந்த மாமா... யாரை... பாக்குறார்?"

பார்த்தேன். அவர் வலப்பக்கம் திரும்பி, சட்டத்துக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டச்சு ஓவியர்கள் கல்யாணமானவர்களை வரையும்போது பெரும்பாலும் இரண்டு படமாகச் செய்வார்கள். பார்க்கிறவருக்கு இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. அவன் வலப்பக்கம் திரும்பியிருப்பான், அவள் இடப்பக்கம் திரும்பியிருப்பாள். தனித்தனிச் சட்டம், ஆனால் சேர்த்து மாட்டினால் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். இது தெரிந்துதான் அண்ணனை அப்படித் திருப்பி வைத்தேன். அக்கா என்றைக்காவது உட்காருவார் என்ற ஆசை. ஜோடியில் ஒரு பாதியை மட்டும் செய்து கொடுத்துவிட்டு, முழுப் படம் என்று சொல்லி மாட்டவிட்டிருக்கிறேன். தப்பு பின்னணியில் இல்லை, கோட்டில் இல்லை. பாதியில் விட்டதுதான் தப்பு.

6

அண்ணன் ஊர் திரும்பிய மறுநாள் நிலாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அக்கா மூட்டை குத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னாங்க சயாமா, அடுத்து யாரைச் சாகடிக்கப் போறீங்க?"

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. "உங்களை வரையணும் அக்கா" என்றேன்.

"ஓ, சரியாப் போச்சு! ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு பெகு முத்தையா ரெண்டு மாலையா வாங்கிட்டு வருவாரு!"

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

நான் அழுதுவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. அதனால் வேகமாகச் சொன்னேன். "அக்கா, தப்பு என்னுது. ஜோடியா வரைய வேண்டியதை ஒத்தையா வரைஞ்சுட்டேன். அண்ணன் கையில ஒண்ணுமில்லாம கோத்து வச்சேன். வேலை செய்யற கையை யாரும் செத்த கைன்னு நினைக்கமாட்டாங்க. இப்ப நிக்கிறீங்களே, இதே மாதிரி, உள்ளங்கையில உளுந்தோட. நீங்க உக்கார வேணாம். நின்னு வேலையப் பாருங்க. நான் பாத்துக்கறேன்."

அக்கா கையிலிருந்த உளுந்தைப் பார்த்தார். ஊதினார்.

"அப்ப என் கையில போனைக் குடு சயாமா!" என்றார் அண்ணன். "அடே, போன் பேசுறவனுக்கு எவன்டா மாலை போடுவான்?"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரியாகச் சொன்னார். டச்சுக்காரன் கையில் கடிதம் இருந்ததும் அதற்குத்தான். நான் வியாபாரத்தின் நடுவில் இருக்கிறேன், சீக்கிரம் வரைந்துவிட்டுப் போ என்கிறான் அவன். அவ்வளவு படித்தும் எனக்கு அது தோன்றாமல், கண்ணியமாக இருக்கட்டும் என்று கையைக் கோக்கச் சொன்னேன்.

"பட்டுப் புடவை கட்டணுமா?" என்று அக்கா கேட்டபோதுதான் சம்மதித்துவிட்டார் என்று புரிந்தது. அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "வேணாம். பட்டுக் கட்டினா கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்கும். கடைக்கு வர்றவன் கடைக்காரியப் பாக்கட்டும். ஆனா தனாக்கா போட்டுத்தான் வரையணும். இல்லேன்னா சீக்காளி மாதிரி இருப்பேன்."

மூன்று வாரம், மத்தியானங்களில், குடோன் வாசலில் பலகையை வைத்து வரைந்தேன். முதல் இரண்டு நாள் அக்கா மரம் மாதிரி நின்றார். நான் தமிழில் பேச்சுக் கொடுத்தால், "சொல்லுங்க சயாமா" என்று இன்னும் விறைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் நிலா அவர் காலடியில் உட்கார்ந்து பர்மியத்தில் பள்ளிக் கதை சொல்ல ஆரம்பித்தாள். யார் யாரைத் தள்ளிவிட்டார்கள், யாருக்கு எந்த டீச்சர் பட்டப்பெயர் வைத்தார் என்று. அக்காவும் பர்மியத்தில் பதில் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த வேகத்தில், அந்தச் சிரிப்பில், அக்காவின் முகம் அவிழ்ந்து வந்தது. என் மகள் என்னை விட்டு ஒரு மொழிக்குள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தினமும் கவலைப்படுகிறவள் நான். அந்த மொழிக்குள் போய்த்தான் அவள் எனக்கு இந்த முகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழில் பேசு என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொல்லாதது சரிதானா என்று இன்னும் நிச்சயமில்லை. ஆனால் வரைந்தேன்.

தனாக்காதான் எல்லாவற்றிலும் கஷ்டம். காய்ந்து வெடித்த மஞ்சள்; அதன் அடியில் தோலின் கறுப்பு தெரிய வேண்டும், மேலே பருப்புத் தூசி வேறு. நாலு முறை சுரண்டிப் போட்டேன். ஐந்தாவது முறை வந்தது. இதை என் வழிகாட்டி பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பெருமையாக நினைத்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அண்ணன் படத்தில் கோத்த கைகளை மறைத்து, ஒரு கையில் போனை வைத்தேன். ஏதோ நல்ல விலை வந்தது போல அவருடைய கண்களுக்கே அர்த்தம் மாறிவிட்டது.

முடித்த அன்று அக்கா படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உன் பேரு எங்க?"

போடவில்லை. போடலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டிருந்தேன்.

"மூட்டையில மார்க் போடாம சரக்கு அனுப்புவாங்களா? யாரு சரக்குன்னு எப்புடித் தெரியும்? போடு. ரெண்டுலயும் போடு. தமிழ்லயே போடு."

போட்டேன். முதல் எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

7

மாட்டும் நாள் மழை விட்டிருந்தது. ஷட்டர் முழுதாக மேலே. நான் இடத்தை அளந்து குறித்து வைத்திருந்தேன். சுவரின் இடப்பக்கம் தெரு, வலப்பக்கம் குடோன். தெருப்பக்கம் அண்ணன், குடோன் பக்கம் அக்கா, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி. செல்வம் மாட்டிவிட்டு இறங்கினார். கடையில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட.

அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னாங்க இது, ரெண்டு பேரும் புதுப் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி! நாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தா வர்றவனை யாரு பாக்குறது? மாத்து. என்னையத் தெருப் பக்கம் போடு."

"அக்கா, இது ஒரு முறை. கணவன் இடப்பக்கம், மனைவி வலப்பக்கம். மாத்தினா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடும். நீங்க தெருவைப் பாப்பீங்க, அண்ணன் குடோனைப் பாப்பாரு."

"ஆமா. பாக்கட்டும்" என்றார் அக்கா. "நாப்பது வருஷமா நான் பாத்தேன் குடோனை."

மாரியண்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். யாரும் சொல்லாமல் அவராகவே அதைக் கையை விட்டதை அன்றுதான் பார்த்தேன். மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு ஏறினார்.

"செத்துப் பொழச்சவனுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன, தனம்? எடுத்துக் குடு."

செல்வம் என்னைப் பார்த்தார். நான் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிய முறை அது. சரியென்று தலையாட்டினேன். மாற்றி மாட்டினார்கள்.

நானும் நிலாவும் பஸ் பிடிக்க வெளியே வந்து, நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்தோம். தெருவிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அக்காதான். கன்னத்தில் தனாக்கா, தோளில் தூசி தட்டும் துண்டு, நீட்டிய உள்ளங்கையில் உளுந்து. தலையில் கூடையோடு போன ஒரு பர்மியப் பெண் நின்றாள். அந்தக் கையை எட்டிப் பார்த்து, அந்த உளுந்து ஒரு விஸ் எடை என்ன விலை என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து தனம் அக்கா பர்மியத்தில் பதில் சொன்னார். நிலா தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

"அது விக்கிறதுக்கு இல்ல. எங்க சயாமா வரைஞ்சது."